பர்னரில் உப்பளம் போட்ட கதை

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பரிசோதனைக்கூடத்தில் இருந்தபோது, தூத்துக்குடி உப்பில் செம்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. 10 கிராம் உப்பை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, நேராக ஏஏஎஸ்ஸில் (கரைசலைச் சுடரில் தூவி, அதிலுள்ள உலோகம் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அளக்கும் கருவி) உறிஞ்ச விட்டேன். நாலைந்து சாம்பிள் வரை ஒழுங்காகப் போனது, அப்புறம் பர்னரில் சுடர் வரும் நீளப் பிளவின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்து, சுடர் பல்லு விழுந்த வாய் மாதிரி நடுநடுவே இடைவெளி விட்டு எரிந்தது. டெக்னீஷியன் அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "என்னவே, பர்னர்லயே உப்பளம் போட்டுட்டீரா?" கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அணைத்து, ஆறவிட்டு, கெட்டி அட்டையால் பிளவைச் சுரண்டி, மறுபடி பற்றவைப்பது, ஒரே நாளில் மூன்று தடவை.

இன்னும் தண்ணீர் சேர்த்தால் அடைப்பு குறையும், ஆனால் இருக்கிற கொஞ்சம் செம்பும் கண்ணில் படாது. அதனால்தான் ஃப்ளோ இன்ஜெக்‌ஷனுக்குப் போனேன். ரூசிச்காவும் ஹான்சனும் 1975-ல் டென்மார்க்கில் தொடங்கி வைத்த முறை. விஷயம் எளிது: கரைசலைத் தூவலாக்கிச் சுடருக்கு அனுப்பும் நெபுலைசருக்குள் பம்ப் வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், வால்வு வழியாக 200 மைக்ரோலிட்டர் உப்புக்கரைசலை மட்டும் அதன் நடுவே தள்ளுவோம், அது சுடரைத் தொட்டுப் போனதும் பின்னால் வரும் தண்ணீர் பர்னரைக் கழுவிவிடும்.

முதல் நாள் படுதோல்வி. ஒரே சாம்பிளுக்கு ஒளி உறிஞ்சல் ஒரு தடவை 0.03, அடுத்த தடவை 0.01. வால்வைச் சந்தேகப்பட்டேன், பம்பைச் சந்தேகப்பட்டேன், ஏன், உப்பையே சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் கருவி பழைய பழக்கத்தில் 3 விநாடி சராசரி எடுத்துக்கொண்டிருந்தது! இங்கே வருவதோ சில விநாடியில் ஏறி இறங்கும் சிகரம். நான் பட்டனை அமுக்கிய நேரத்தைப் பொறுத்து சிகரத்தின் தலையோ வாலோ மாட்டியிருக்கிறது. தொடர்ச்சியாகப் பதியவிட்டு உயரத்தை அளந்ததும் எண்கள் ஒன்றோடொன்று ஒத்து வந்தன.

இன்னொன்று, நெபுலைசர் தானாக இழுக்கும் அளவுக்கு பம்ப் தண்ணீர் கொடுக்காவிட்டால் இணைப்புகள் வழியே காற்று புகுந்து குமிழி குமிழியாக வரும், கோடு நடுங்கும். என் கருவி நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 6 மில்லி இழுத்தது, பம்பையும் அதற்கு ஈடாக வைத்த பிறகுதான் அடங்கியது. செம்பை அளக்கும் 324.8 நானோமீட்டர் ஒளியில் உப்பே கொஞ்சம் போலி ஒளி உறிஞ்சலைக் காட்டும் என்பதால், அதைக் கழிக்க உதவும் டியூட்டீரியம் விளக்கையும் அணைக்கவில்லை. தொடர்ந்து உறிஞ்சவிட்டால் வரும் அளவு உயரம் இதில் வராது, சாம்பிள் போகும் வழியில் கொஞ்சம் கலைந்துவிடும். பர்னர் சுரண்டுவதற்கு அது எவ்வளவோ தேவலை.

ஒரு தொல்லை மட்டும் போகவில்லை. பம்ப் அமுக்கி அமுக்கித் தண்ணீரைத் தள்ளும் டியூப் நாள்பட நைந்து ஓட்டம் மாறும், அதனால் பத்து சாம்பிளுக்கு ஒரு தடவை செம்பு அளவு தெரிந்த ஸ்டாண்டர்டைப் போட்டுப் பார்ப்பேன். மதியம் சாப்பிடப் போகும்போது டியூபின் பிடியைத் தளர்த்திவிட்டுப் போங்கள். நான் இரண்டு டியூபைப் பாழாக்கிய பிறகுதான் அதைச் செய்ய ஆரம்பித்தேன்.