ஒத்தைக் கொலுசு யாருடையது? தனிக்கதையும் பெருங்கதையும் சேரும் இடம்

நண்பர்கள் சிலர் சேர்ந்து சேலத்தைக் களமாக வைத்து காமிக்ஸ் வரைகிறோம். ஒவ்வொரு இதழும் ஒரு ஆளின் கதை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் அக்கா, ஏற்காடு பஸ் டிரைவர், காபி எஸ்டேட் பையன் என்று போகும். எல்லோருக்கும் பின்னால் மலையில் மூடிக்கிடக்கும் ஒரு பாக்சைட் சுரங்கத்தின் மர்மம் ஓடுகிறது. இரண்டையும் எப்படிச் சேர்த்து இழுக்கிறீர்கள் என்று பலர் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

எனக்குத் தெளிவு வந்தது கூத்துக் களத்தில். சேலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் திரௌபதி அம்மன் திருவிழா, அன்றைக்குக் கர்ணன் மடியும் கதையான கர்ண மோட்சம் கூத்து. பக்கத்தில் இருந்த பாட்டி முந்தைய இரவுகளுக்கு வரவில்லை, மறுநாளும் வரப்போவதில்லை. “கர்ணனும் பொன்னுருவியும் பிரியறதப் பாத்தாப் போதும் சாமி” என்றார். நடப்பதோ பதினேழாம் நாள் போர். பாரதமே உச்சத்தில் நிற்கிறது. ஆனால் அந்த இரவை நிறைப்பது, களத்துக்குக் கிளம்பும் புருஷனுக்கும் தடுக்கும் பெண்டாட்டிக்கும் நடக்கும் தர்க்கம். போர் அவர்கள் வாசலுக்கு வந்து நிற்கிறது, அவ்வளவுதான். அவள் எதை இழக்கப்போகிறாள் என்று தெரியும்போதுதான் போரின் கனமே நமக்கு உறைக்கிறது.

அங்கே இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. திரைக்குப் பின்னால் வேஷம் வந்து நின்றதும், கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரன் ‘யார், எந்த ஊர்’ என்று விசாரிப்பான். வேஷக்காரர் தன் வரலாற்றைத் தானே பாடுவார். நடுராத்திரி வந்து உட்கார்ந்தவருக்கும் கதை பிடிபட்டுவிடும். அதனால்தான் எங்கள் இதழ்களில் முன்கதைச் சுருக்கம் கிடையாது. முதல் பக்கத்திலேயே யாராவது அந்த ஆளை வம்புக்கு இழுப்பார்கள், பதிலில் எல்லாம் வந்துவிடும்.

டிரைவர் கதையில் கேள்வி ஒன்றுதான்: மகள் படிப்புக்காக மலைப் பாதையை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸுக்கு மாறுவாரா? 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், கடைசி பஸ்ஸிலிருந்து சுருட்டிய வரைபடத்தோடு ஒருவர் இறங்கிப் போகிறார். அவர் யாரென்று டிரைவருக்குத் தெரியாது. ஆனால் நிறுத்தமில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தியதற்காக வரும் விசாரணைதான் அவர் முடிவை மாற்றுகிறது. பெருங்கதை உள்ளே வந்தால் அந்த ஆளுக்கு ஏதாவது ஆகவேண்டும். தலையை மட்டும் காட்டிவிட்டுப் போகும் மர்ம ஆசாமிகளை நாங்கள் சேர்ப்பதில்லை.

வெளிநாட்டுக் காமிக்ஸில் இதற்கு நல்ல பாடங்கள் இருக்கின்றன. இரத்தப் படலம் (மூலத்தில் XIII) தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்குப் பழக்கம். 1984-இல் தொடங்கிய அந்தப் பிரெஞ்சு மொழித் தொடரின் துணைப் பாத்திரங்களுக்கு 2008 முதல் தனி வரிசை வந்தது. மொத்தம் 13 ஆல்பங்கள், ஒவ்வொன்றும் ஒருவரின் கதை. முதலில் வந்தது கொலைகாரன் மங்கூஸின் கதை. நாயகனைத் துரத்திக்கொண்டே இருந்தவனுக்கு முதல் இடம் கொடுத்தது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. காமிக்ஸ் எழுத்தாளர் கிராண்ட் மாரிசன் 2005-06-இல் எழுதிய சூப்பர்ஹீரோ தொடரான செவன் சோல்ஜர்ஸ் இன்னும் துணிச்சலானது. ஏழு நாயகர்கள், ஆளுக்கு நான்கு இதழ்கள், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒவ்வொன்று, ஆக 30. ஏழு பேரும் ஒரு அணியாகக் கூடுவதே இல்லை, ஆனாலும் எதிரி ஒன்றுதான். கடைசி இதழில் மட்டும் எல்லா நூலையும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டதால் நெரிசல் அதிகம் என்பது என் எண்ணம்.

எங்கள் கொலுசு இதழை மட்டும் வாங்கிப்போன கல்லூரி மாணவி ஒருவர் திரும்ப வந்தார். பட்டறை அக்காவுக்கும் அவர் தம்பிக்கும் நடக்கும் பாகச் சண்டையைப் பற்றித்தான் வெகுநேரம் பேசினார். தன் வீட்டிலும் அதே கதைதானாம். கிளம்பும்போதுதான், “அண்ணா, அந்த ஆள் ஒத்தைக் கொலுசை மட்டும் உருக்கக் கொண்டு வந்தாரே, ஜோடி யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டார். எஸ்டேட் இதழை எடுத்துக் கொடுத்தேன்.

எல்லோரும் சுரங்க வாசலில் ஒன்றாகச் சந்திக்கும் சிறப்பிதழ் வேண்டும் என்று எங்கள் ஓவியர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்குச் சம்மதமில்லை. டிரைவரும் பட்டறை அக்காவும் மட்டும் ஒரு இதழில் சந்திக்கட்டும் என்றிருக்கிறேன், அதுவும் டிரைவர் தன் மகளுக்குக் கொலுசு வாங்க வந்த இடத்தில்.