ஜிப், பேக்லாஷ்: தமிழில் எப்படி?

> லேத்தில் (கடைசல் எந்திரம்) சறுக்கு, அதாவது நகரும் ஸ்லைடு, ஆடாமல் பிடிக்கும் ஜிப்புக்கு (gib) ‘ஆப்பு’ போதுமே, தச்சர் புழங்கும் சொல்தானே?

பெரிய லேத்துகளில் சாய்வாக இழைத்த ஜிப்புக்குப் பொருந்தும். அதை நீளவாக்கில் தள்ளித்தான் இறுக்குவார்கள். வீட்டு மினி லேத்தில் இருப்பதோ ஒரே தடிமனுள்ள பட்டை. டவ்டெயில் என்னும் புறாவால் வடிவப் பொருத்தின் ஒரு பக்கச் சந்தில் கிடக்கும். மூன்று நான்கு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) பக்கவாட்டில் அழுத்தும். இதை ஆப்பு என்று எழுதினால், படித்தவர் சுத்தியலைத் தேடுவார். சறுக்கை அணைத்து நிற்பதால் ‘அணைபட்டை’ என்பேன். வினைத்தொகை, ஒற்று மிகாது. ‘அணைப்பட்டை’ என்றால் மேட்டூர் நினைவுக்கு வரும்.

> அணைபட்டையை இறுக்கினால் விறைப்பு கூடும் என்று எழுதலாமா?

கூடாது. சேடிலில் (லேத் படுக்கைமேல் நகரும் அடிப்பாகம்) நுண் அசைவை முள்ளால் காட்டும் டயல் இண்டிகேட்டரைப் பொருத்தி, அதன் தொடுமுனை, வெட்டும் டூலைப் பிடிக்கும் டூல் போஸ்ட்டைத் தொடும்படி வையுங்கள். போஸ்ட்டை, சக் (வேலைத்துண்டைப் பிடிக்கும் பகுதி) இருக்கும் பக்கமாகக் கையால் தள்ளிவிட்டு விடுங்கள். முள் பழைய இடத்துக்கே திரும்பினால் இரும்பு வளைந்து நிமிர்கிறது. அதுதான் விறைப்புக் குறைவு. பாடநூலில் ‘விறைப்புக் குணகம்’ என்று ஏற்கெனவே உள்ள சொல். அணைபட்டையை எவ்வளவு இறுக்கினாலும் இந்த வளைவு போகாது. டூல் போஸ்ட்டுக்கு அடியிலுள்ள சிறு சறுக்கான காம்பவுண்ட் ஸ்லைடைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கனத்த இரும்புக் கட்டை வைத்தால் குறையும். முள் திரும்பாமல் புது இடத்தில் நின்றுவிட்டால், அது ஆட்டம். அணைபட்டையின் வேலை அங்கேதான்.

கிரப் ஸ்க்ரூக்களைப் பூட்டும் லாக் நட்டுகளைத் தளர்த்தி, சறுக்கு பிடிக்கும்வரை ஸ்க்ரூவை இறுக்கி, அரைக்கால் சுற்று பின்வாங்குங்கள். ஸ்க்ரூவைத் திருகும் ஆலன் கீயை விடாமல் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்க வேண்டும். விட்டால் நட்டோடு ஸ்க்ரூவும் சுற்றி, சறுக்கு சிக்கிக்கொள்ளும். ஸ்க்ரூ முனைகள் பட்டையின் குழிகளில் உட்காராவிட்டால், திசை மாறும்போதெல்லாம் பட்டையே முன்பின் நகரும். அளவு ஒருநாளும் நிலைக்காது.

பேக்லாஷ் விறைப்புக் குறைவும் அல்ல, ஆட்டமும் அல்ல. கைப்பிடியை எதிர்த்திசையில் திருப்பும்போது அதன் வளையத்திலுள்ள அளவுக் கோடுகள் ஓடும், டூல் அசையாது: திருகுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள சந்து. எதுவும் பின்னால் அடிக்காதபோது ‘பின்னடிப்பு’ என்று நேராக மொழிபெயர்ப்பது எதற்கு? ‘வெற்றுச்சுற்று’ என்போம். “வெற்றுச்சுற்று ஆறு கோடு” என்று பட்டறையிலும் சொல்ல வரும்.

—

மறுமொழி: அணைபட்டை, வெற்றுச்சுற்று இரண்டும் சரி. ‘ஆட்டம்’தான் இடிக்கிறது. வெட்டும்போது சேட்டர் (அதிர்வு) வந்தாலும் “மெஷின் ஆடுது” என்றுதானே சொல்கிறார்கள்? ‘சறுக்காட்டம்’ என்றால் பனிமலை விளையாட்டாகிவிடும். ‘தளர்வாட்டம்’ எப்படி?