வீட்டு வேலையை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதலாமா?

எல்லோருக்கும் வணக்கம். எடை குறைக்க வேண்டும் என்று தினமும் கலோரிக் கணக்கை ஒரு செயலியில் குறித்து வருகிறேன். வீடு பெருக்கித் துடைப்பது, பாத்திரம் தேய்ப்பது, மொட்டை மாடியில் துணி காயப்போடுவது இதையெல்லாம் உடற்பயிற்சி என்று தனியாகச் சேர்க்கலாமா?

ஏன் கேட்கிறேன் என்றால், செயலியில் சேரும்போதே ‘ஓரளவு நடமாட்டம் உள்ளவர்’ என்று கொடுத்திருக்கிறேன். அதற்காக அது அடிப்படைக் கலோரியை (சும்மா இருந்தாலே உடல் செலவழிப்பதை) 1.375 ஆல் பெருக்கித்தான் என் தினசரி அளவைச் சொல்கிறது. அன்றாட வேலை அதிலேயே அடங்கிவிடும் இல்லையா? மறுபடி எழுதினால் இரட்டைக் கணக்காகும் என்று பயமாக இருக்கிறது.

ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வீட்டு வேலையையும் உடல் உழைப்பாகவே ஏற்கிறது. பாத்திரம் தேய்க்க, சும்மா உட்கார்ந்திருப்பதைப்போல சுமார் இரண்டு மடங்கு சக்திதான் செலவாகும். தரை துடைக்க அதைவிட அதிகம். அப்புறம் குனிந்து, குத்துக்காலிட்டுத் துடைக்கிற நம் வழக்கத்துக்குச் செயலியில் தனிக் கணக்கே இல்லை!

பொங்கலுக்கு ஒட்டடை அடித்து வீட்டையே புரட்டிப்போடும் நாளை மட்டும் சேர்த்தால் போதுமா? அனுபவம் உள்ளவர்கள், உணவியல் படித்தவர்கள் நீங்கள் எப்படிக் குறிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.