‘சேம் லைக்’ என்று எழுதி மாட்டிக்கொண்டேன், எப்படித் திருத்துவது?

பெங்களூரா_கிருஷ்ணகிரி:
கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனியில் அலுவலக வேலை. வெளிநாட்டு வியாபாரிகளுக்கு மெயில் எழுதுவதும் என் தலையில்தான். போன வாரம் அனுப்பியதில் மூன்று வரிகள்:

‘திஸ் தோதாபுரி பல்ப் இஸ் சேம் லைக் அல்போன்சா.’
‘தி கலர் ஆஃப் திஸ் லாட் இஸ் பெட்டர் தேன் தி லாஸ்ட் லாட்.’
‘தி பிரிக்ஸ் ஆஃப் தி கான்சன்ட்ரேட் இஸ் டூ டைம்ஸ் ஹையர் தேன் தி பல்ப்.’ (பிரிக்ஸ் என்றால் கரைந்திருக்கும் சர்க்கரை முதலான திடப்பொருளின் சதவீத அளவு; கான்சன்ட்ரேட் என்றால் நீரைக் குறைத்துக் கெட்டியாக்கிய கூழ்.)

“நீங்கள் தருவது தோதாபுரியா, அல்போன்சாவா? பிரிக்ஸ் 28-ஆ, 42-ஆ?” என்று பதில் வந்திருக்கிறது. முதலாளி முறைக்கிறார். எங்கே தப்பு?

பாலக்கோடு டீச்சர்:
தம்பி, மனசுக்குள் ‘அதே மாதிரி’ என்று ஓடியிருக்கும். ‘அதே’ சேம் ஆனது, ‘மாதிரி’ லைக் ஆனது. ஆங்கிலத்தில் ‘சேம்’ வந்தால் அதற்கு ஜோடி ‘ஆஸ்’: ‘தி சேம் ஆஸ்’. முன்னால் ‘தி’யும் வேண்டும். ஆனால் உங்கள் வரியை அப்படித் திருத்தினாலும் ஆபத்துதான். நம்ம ஊரில் பெங்களூரா என்று சொல்லும் தோதாபுரி, அல்போன்சா ஆகிவிடாதே! ‘சிமிலர் டு’ என்றால் ஓரளவு ஒத்தது. ‘கம்பேரபிள் டு’ என்றால் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தகுந்தது. எதை எழுதினாலும் எந்த விஷயத்தில் என்பதைச் சேர்த்து எழுதுங்கள்: ‘கம்பேரபிள் டு அல்போன்சா இன் டெக்ஸ்சர்’ என்பது போல. அதுவும் உண்மையாக இருந்தால் மட்டும்.

இரண்டாவது வரி எல்லோரும் செய்யும் தப்பு. “இந்த லாட்டின் நிறம் போன லாட்டைவிட நல்லா இருக்கு” என்றால் நம்மில் யாரும் குழம்ப மாட்டோம். ஆங்கிலத்தில், அதுவும் எழுத்தில், நிறத்தை நிறத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ‘பெட்டர் தேன் தட் ஆஃப் தி லாஸ்ட் லாட்’. பன்மையானால் ‘தோஸ் ஆஃப்’.

பர்கூர்_லேப்:
மூன்றாவது வரிக்கு நான் வருகிறேன். பிரிக்ஸ் அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் ஒரு சொட்டுக் கூழை வைத்து மூடி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சேரும் கோடு 14-இல் நிற்கும். கான்சன்ட்ரேட் என்றால் 28. நீங்கள் சொல்ல நினைத்தது இதைத்தான். ஆனால் ‘டூ டைம்ஸ் ஹையர்’ என்றால் 14-க்கு மேலே இன்னும் இரண்டு பங்கு, ஆக 42 என்று படிக்கிறவர்களும் உண்டு. உங்கள் ஆள் அந்த ரகம். ‘ட்வைஸ் தட் ஆஃப் தி பல்ப்’ என்று எழுதுங்கள். என்னைக் கேட்டால் 14, 28 என்று எண்ணையே போட்டுவிடுவேன்.

‘ஈக்விவலன்ட் டு’ எங்கே பொருந்தும் தெரியுமா? 28 பிரிக்ஸ் கான்சன்ட்ரேட் 1 கிலோவிலும் 14 பிரிக்ஸ் கூழ் 2 கிலோவிலும் கரைந்திருக்கும் திடப்பொருள் ஒரே அளவு, 280 கிராம். பொருள் வேறு, மதிப்பு ஒன்று. அங்கே எழுதலாம். ஒப்பந்தத்தில் சும்மா போட்டால், நாளைக்கு அதைக் காட்டியே சரக்கைத் திருப்பி அனுப்புவான்.

பெங்களூரா_கிருஷ்ணகிரி:
நன்றி டீச்சர், நன்றி அண்ணா. முதலாளி ‘மோர் சுப்பீரியர் தேன்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார்.

பாலக்கோடு டீச்சர்:
ஐயோ! சுப்பீரியர், இன்ஃபீரியர், சீனியர், ஜூனியர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை. ‘தேன்’ கூடாது, ‘டு’தான். ‘சுப்பீரியர்’ என்பதிலேயே ‘மோர்’ அடங்கிவிட்டது. ‘பிரிஃபரபிள்’ வந்தாலும் ‘டு’.

பெங்களூரா_கிருஷ்ணகிரி:
திருத்தி அனுப்பிவிட்டேன். பிரிக்ஸுக்கு எண்ணையே போட்டேன், நிறத்துக்கு ‘தட் ஆஃப்’. முதல் வரியை எடுத்தேவிட்டேன். “அல்போன்சா பேர் இல்லாம எப்படிப்பா விக்கிறது?” என்று முதலாளி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.