ழூவோ துப்ரேயின் 1914 நூல்: போதிகைப் படங்கள் தேவை

நண்பர்களே, புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த கேப்ரியல் ழூவோ துப்ரேய் (1885–1945) பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். மாத இறுதிக்குள் இதழுக்குத் தர வேண்டும், பாதியில் நிற்கிறது.

அவர் வாழ்க்கைக் குறிப்பு, 1931இல் காஞ்சி கைலாசநாதர் கோயில் ஓவியங்களை வெளிக்கொணர்ந்தது எல்லாம் எழுதியாயிற்று. சிக்கல் அவருடைய முறையை விளக்கும் இடத்தில். கல்வெட்டு இல்லாத கோயிலுக்கும் தூணின் போதிகையை (தூணின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் உறுப்பு) பார்த்தே காலம் சொல்லலாம் என்று காட்டியவர் அவர்: பல்லவருக்குத் தரங்கம் (அலை போன்ற வரிகள்), சோழருக்கு வெட்டு (சாய்வாக வெட்டிய முனை), விஜயநகரத்தாருக்குத் தொங்கும் பூமொட்டு. ஸ்தபதிகளிடமே கேட்டுக் கற்ற மனிதர்! இதைப் படமில்லாமல் எழுதினால் யாருக்கும் புரியாது.

தேவையானது 1914இல் பாரீசில் வந்த தென்னிந்தியத் தொல்லியல் நூலின் முதல் தொகுதி (கட்டடக்கலை), பிரெஞ்சு மூலம். இணையப் பிரதியில் கோடுகள் கலங்கியிருக்கின்றன. உள்ளூர் நூலகப் பிரதியில் பக்கங்களே உதிர்கின்றன, நகலெடுக்க விடவில்லை. 1917இன் ஆங்கில நூலையும் பார்த்துவிட்டேன், சிறியது, போதவில்லை.

அந்த முதல் தொகுதியின் போதிகைப் படப் பக்கங்களைத் தெளிவாக ஸ்கேன் செய்து தரக்கூடியவர் இங்கே யாராவது உண்டா?