ஸ்டியரிங் வலது பக்கம் இருந்தா சொகுசு கார் இல்லையா?

பியர்ஸ் பாண்டி: கேடிலாக் கணேசன் நேத்து ஒரு பதிவுல, அமெரிக்காவுல அந்தக் காலத்து சொகுசு கார்னா கேடிலாக் மட்டும்தான், பியர்ஸ்-ஆரோ 1920 வரைக்கும் ஸ்டியரிங்க வலது பக்கம் வச்சிருந்த பழைய பஞ்சாங்கம்னு எழுதியிருக்காரு. படிச்சதும் பத்திக்கிட்டு வருது. தம்பி, அந்த வண்டிய ஓட்டுனது முதலாளி இல்ல, டிரைவர். அங்க வண்டி ரோட்டுக்கு வலது ஓரமாத்தான் நிக்கும், டிரைவர் நேரா பிளாட்பாரத்துல இறங்கி பின்கதவ திறந்து விடுவான். இடது பக்கம் உக்காந்தா சேத்துலயும் குதிரைச் சாணியிலயும் இறங்கி வண்டிய சுத்தி வரணும். தெரிஞ்சேதான் வச்சாங்க.

கேடிலாக் கணேசன்: நல்ல சப்பைக்கட்டுண்ணே. ஓவர்டேக் பண்ணணும்னா எதிர்ல வர்றத யாரு எட்டிப் பாத்து சொல்றது, பின்சீட்டு அம்மாவா? 1912 மாடல்லயே கேடிலாக் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் குடுத்தாச்சு, கிராங்க் சுத்தி கைய உடைச்சுக்கிற வேலை போச்சு. 1914ல வி8, எட்டு சிலிண்டர் இன்ஜின். நீங்க 1920 வரைக்கும் வலது பக்கம்.

பியர்ஸ் பாண்டி: அந்த வி8 வர்ற வரைக்கும் உங்க கேடிலாக்ல ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்துச்சு? வலது பக்கம்! ஃபோர்ட் மாடல் டி 1908லயே இடது பக்கம் வந்துருச்சு. ஏழை வண்டியப் பாத்து மாத்துனதுதான் உங்க சொகுசு. வி8ஐ வேற என்னமோ இவங்கதான் கண்டுபிடிச்ச மாதிரி பேச்சு, பிரான்ஸ்ல டி டியோன்-பூட்டன் 1910லயே போட்டுட்டான்.

கேடிலாக் கணேசன்: 1914 எங்க, 1920 எங்க?

சும்மா வந்தவன்: சொகுசுன்னா சீட்டா, இன்ஜினா, விலையா? அத முதல்ல முடிவு பண்ணுங்களேன்.

பேக்கார்ட் பிரியன்: பேக்கார்ட் பேர யாருமே எடுக்கல பாருங்க. 1915ல ட்வின் சிக்ஸ், 12 சிலிண்டர். 1921ல ஹார்டிங் பதவியேற்புக்குப் போனதும் அதுலதான், பதவியேற்புக்கு கார்ல போன முதல் அமெரிக்க ஜனாதிபதி அவருதான்.

பியர்ஸ் பாண்டி: ஜனாதிபதி டாஃப்ட் 1909லயே வெள்ளை மாளிகைக்கு பியர்ஸ்-ஆரோ வாங்கியாச்சு. உங்க 12 சிலிண்டரும் சேந்து இன்ஜின் கொள்ளளவு 6.9 லிட்டர், எங்க 66 மாடல்ல ஆறே சிலிண்டர்ல 13.5 லிட்டர். ஆமா, போன மாசம் பீர்லெஸ்ங்கிற வேற கம்பெனி கார் போட்டோவப் போட்டு பேக்கார்ட்னு சாதிச்சது நீங்கதானே?

பேக்கார்ட் பிரியன்: அது பேக்கார்ட்தான்.

கேடிலாக் கணேசன்: பேச்ச மாத்தாதீங்கண்ணே. 1920 வரைக்கும் வலது பக்கமா இல்லையா?

பியர்ஸ் பாண்டி: ஆமா வலது பக்கம்தான், அதுக்கென்ன இப்போ, 1914ல மட்கார்டுக்குள்ளயே ஹெட்லைட்ட வச்சு பேடண்ட் வாங்குனது யாரு, ராத்திரில தூரத்துல வந்தாக்கூட பியர்ஸ்-ஆரோன்னு தெரியும், மத்தவன்லாம் ரேடியேட்டர் பக்கத்துல ரெண்டு டப்பாவ தொங்கவிட்டுட்டு இருந்தான், பல வருஷம் கழிச்சு எல்லாரும் எங்க வந்து நின்னாங்க, அங்கதானே?

கேடிலாக் கணேசன்: தவளைக் கண்ணு மாதிரி இருக்கும், அதுக்கு பேடண்ட் வேற. ஆரம்பத்துல பறவைக் கூண்டு செஞ்ச கம்பெனிதானே. 1938ல கடைய மூடியாச்சு, கேடிலாக் இன்னைக்கும் ஓடுது.

பியர்ஸ் பாண்டி: ஜெனரல் மோட்டார்ஸ் தயவுல ஓடுது. தனியா நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும்.

பேக்கார்ட் பிரியன்: பாண்டி, அந்த போட்டோவ மறுபடி போடுறேன், ரேடியேட்டர் மேல் வளைவப் பாத்துட்டு பேசுங்க.

பியர்ஸ் பாண்டி: போடுங்க. இந்த தடவை வீல் மூடியும் தெரியுற மாதிரி போடுங்க, போன தடவை அதத்தான் வெட்டிட்டீங்க.