புரட்டாசியில் வியாபாரம் படுத்தது, வாட் வரி மட்டும் ஏன் குறையவில்லை? பட்ஜெட் எப்படிப் போடுவது?

சாட்ஸ்வொர்த் கடைக்காரி:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் நானும் வீட்டுக்காரரும் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறோம், பார்சல் மட்டும்தான், உதவிக்கு இரண்டு பெண்கள். ஜனவரியில் போன வருட வரவு செலவைப் பன்னிரண்டால் வகுத்து, மாதத்துக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதி வைத்தேன். ஆகஸ்ட் வரை சரியாகப் போனது. புரட்டாசி பிறந்ததும் நம் வீடுகளில் கறி, மீன் நிறுத்திவிடுவார்கள், தெரியும்தானே, பிரியாணி அண்டா பாதி நாள் அடுப்பில் ஏறவே இல்லை. அதை எதிர்பார்த்தேன். ஆனால் செப்டம்பர், அக்டோபர் வாட்டை நவம்பர் 25க்குள் கட்டக் கணக்குப் பார்த்தால், விற்பனை விழுந்த அளவுக்கு வரி விழவில்லை. கல்லாவில் இருந்தது தீபாவளிப் பலகாரத்துக்கு நெய், முந்திரி என்று போய்விட்டது. அண்ணனிடம் கைமாற்று வாங்கித்தான் கட்டினேன். எங்கே தவறினேன்?

மாரிட்ஸ்பர்க் கணக்கர்:
தங்கச்சி, உங்கள் கணக்கில் தப்பு இல்லை, வாட் வேலை செய்வதே அப்படித்தான். ஒரு மாதம் வாட் சேர்த்து 1,15,000 ராண்டுக்கு விற்றால் அதில் 15,000 வாட். 46,000க்குக் கறி வாங்கியிருந்தால் அதில் அடங்கிய 6,000 கழியும், மீதி 9,000 கட்டுவீர்கள். புரட்டாசியில் விற்பனை 69,000 ஆகக் குறைந்தால் அதில் வாட் 9,000. கறி வாங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அரிசி, பருப்பு, காய்கறி, முட்டை, சமையல் எண்ணெய் இதற்கெல்லாம் இங்கே பூஜ்ய வரி, கழிக்க ஒன்றும் இருக்காது. அதே 9,000! டப்பா, மின்சாரம் போன்றவற்றை இந்தக் கணக்கில் விட்டுவிட்டேன், அவை எல்லா மாதமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் வரியை விற்பனையை வைத்து மட்டும் ஊகிக்காதீர்கள், என்ன வாங்கினீர்கள் என்பதையும் பாருங்கள். அப்புறம், கறிக்கடையில் முறையான வரி பில் கேட்டு வாங்குங்கள், துண்டுச்சீட்டை வைத்துக் கழிக்க முடியாது.

டொங்காட் துணிக்கடை:
நான் 15 வருடமாகச் செய்வதைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்லாவை எண்ணி, அந்த வாரத்து வாட் பங்கை அன்றைக்கே வேறு வங்கிக் கணக்கில் போட்டுவிடுவேன், அந்தக் கணக்கின் அட்டை வீட்டில் இருக்கும், கடைக்கு வராது. கல்லாவில் கிடக்கும் பணம் நம் பணம் போலத்தான் தெரியும், கை தானாகப் போகும். இன்னொன்று, கடனுக்குக் கொடுப்பீர்களா? நான் முதல் மூன்று வருடம் கடன் நோட்டில் இருந்ததையும் வரவில் சேர்த்து எழுதி ரொம்பக் கஷ்டப்பட்டேன். பட்ஜெட்டில் கைக்கு வந்தால்தான் வரவு.

சாட்ஸ்வொர்த் கடைக்காரி:
அண்ணா, கணக்கர் அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. பக்கத்து வீடுகளுக்குக் கடன் உண்டு, மாதக் கடைசியில் தருவார்கள், சிலர் அதற்கடுத்த மாதம். அப்படியானால் பன்னிரண்டால் வகுத்ததை விட்டுவிடவா?

மாரிட்ஸ்பர்க் கணக்கர்:
வாடகைக்கும் சம்பளத்துக்கும் அது போதும், அவை மாறாதவை. சம்பளத்தோடு யூஐஎஃப், அதாவது வேலையிழப்புக் காப்பீட்டுப் பணத்தையும் எழுதுங்கள், வேலை செய்யும் பெண்கள் பங்கு நூற்றுக்கு 1, உங்கள் பங்கு 1. விற்பனைக்கும் கொள்முதலுக்கும் தமிழ் மாதத்தையும் பக்கத்தில் எழுதி வாரவாரமாகப் போடுங்கள். புரட்டாசி, தீபாவளி, தைப்பூசக் காவடி, அப்புறம் டிசம்பர் நடுவில் பேக்டரிகள் மூடினால் ஜனவரி வரை மதியச் சாப்பாட்டுக்கு ஆள் வராது. பிப்ரவரிக் கடைசியில் முன்கூட்டியே கட்டும் வருமான வரித் தவணையும் வருகிறது. தீபாவளிச் சரக்குக்கான பணத்தை ஜூலையிலிருந்தே சிறிது சிறிதாக ஒதுக்குங்கள், புரட்டாசிக் கல்லாவிலிருந்து எடுக்காதீர்கள்.

சாட்ஸ்வொர்த் கடைக்காரி:
சரி அண்ணா. கறிக்கடைச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன், பாதியில் வாட் எண்ணே இல்லை. நாளைக் காலையில் முதல் வேலை அங்கேதான்.